மொழிமாதிரிகளும் திசைவழக்கும்: பெரம்பலூர், அரியலூர் வழக்குகளைக் கொண்டு ஒரு திறனாய்வு

கணினிக்கு மொழி கற்பிக்கும் முயற்சியில் அண்மையில் ஒரு புதுத்துறை தோன்றி வளர்ந்து வருகின்றது. பெருமொழி மாதிரிகள் எனப்படும் பொறிகளை, எழுத்துவளம் குன்றிய மொழிகளைப் பேசும் மக்களின் பண்பாட்டிற்கு இயைய ஒழுங்குறுத்துவது அத்துறையின் நோக்கமாகும். மேலைநாட்டுப் பல்கலைக்கழகங்கள் முனைவர் பட்டம் பெற்ற இளைஞரை இப்பணிக்கென்றே அமர்த்துகின்றன. நம் நாட்டிலும் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தைச் சார்ந்த ஏஐ4பாரத் முதலிய ஆய்வுக் குழுக்கள் இந்திய மொழிகளுக்கென இத்தகைய பணிகளை மேற்கொண்டுள்ளன. தமிழ்த் துறைகளிலோ இது பற்றிய பேச்சு மிகக் குறைவு. இது பொறியியலார் பணி என்று ஒதுக்கிவிட்டோம். ஒரு சொல்லுக்கு ஓரிடத்தில் இதுவே பொருள் என்று துணிவது உரையாசிரியர் பணி. அதனைப் பதிந்து வைப்பது அகராதியாளர் பணி. பல பாடங்களுள் ஒன்றைத் தெரிவது பதிப்பாசிரியர் பணி. இம்மூன்றும் நம்முடையன அல்ல என்று கூறுதல் இயலாது. ஆதலின் இத்துறையில் வெளிவந்த ஆய்வுகள் சிலவற்றைத் தமிழ்ப் புலமை நெறிநின்று மதிப்பிட யாம் இவ்வுரையில் முற்படுகின்றோம்.

மதிப்பீட்டுக்கு உரைகல்லாகப் பெரம்பலூர், அரியலூர் ஆகிய இரு மாவட்டங்களின் வழக்கைக் கொண்டோம். இவை முன்னர்த் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் பகுதியாய் இருந்தவை. 1995-இல் பெரம்பலூர் தனி மாவட்டமாயிற்று. அதனின்று அரியலூர் 2001-இல் பிரிந்து, 2002-இல் மீண்டும் சேர்ந்து, 2007-இல் மறுபடியும் பிரிந்தது. மேற்கே பச்சைமலை, வடக்கே வெள்ளாறு, தெற்கே கொள்ளிடம். இவ்வெல்லைக்குள் கரிசலும் செம்மண்ணும் சுண்ணக்கல் நிலமும் அடுத்தடுத்துக் கிடக்கின்றன. தஞ்சை வழக்கு, நடுநாட்டு வழக்கு, மேலைப்புற வழக்கு ஆகியவை ஒன்றையொன்று தொடும் இடம் இது. கரிசல் வழக்கு, கொங்கு வழக்கு, நெல்லை வழக்கு என்றாற்போலப் புதினங்களால் புகழ்பெற்ற வழக்கன்று. அக்காரணம் பற்றியே இதனைத் தெரிந்தோம். எழுத்தில் மிகுதியும் ஏறாத வழக்கின் நிலை என்னவாகும் என்பதே இங்கு வினா.

மொழிமாதிரி என்பது யாது? நூல், செய்தித்தாள், இணையப் பக்கம் முதலியவற்றைப் பெருந்தொகுதியாகத் திரட்டிக் கணினிக்கு ஊட்டி, ஒரு தொடரில் அடுத்து வரக்கூடிய சொற்றுணுக்கு எது என்று நிகழ்தகவு கொண்டு துணியுமாறு பயிற்றுவித்த பொறியே அது. பின்னர், வினாவுக்கு விடை கூறும் முறையை எடுத்துக்காட்டுகளால் அதற்குக் கற்பிப்பர். இரு நிலைகளிலும் எண்ணிக்கையே ஆள்கின்றது. மிகுதியாக எழுதப்பட்டது மிகுதியாக ஒலிக்கும். அரிதாக எழுதப்பட்டது அடங்கும். எழுதப்படாதது இல்லாததே.

எழுத்துவளம் குன்றிய மொழி என்னும் பெயரை முதலில் நோக்குவோம். 2020-இல் ஜோஷி முதலியோர் வெளியிட்ட ஆய்வுரை, கணினித் தரவின் அளவை நோக்கி உலக மொழிகளை 0 முதல் 5 வரை ஆறு வகுப்புகளாகப் பகுத்தது. ஆங்கிலம் 5-ஆம் வகுப்பில் நிற்கத் தமிழ் 3-ஆம் வகுப்பில் வைக்கப்பெற்றது. கணக்கு தவறன்று, கணினிக்கு எட்டியவற்றையே அது கணக்கிட்டது. ஆயினும் அளந்தது மொழியின் வளத்தையன்று, அவ்வளம் கணினிக்குள் சென்ற அளவையே என்னும் வேறுபாட்டைப் பெயர் மறைத்துவிடுகின்றது. குளத்தில் நீர் உண்டு, குழாய் இல்லை, ஊரில் தண்ணீரே இல்லை என்று எழுதிவிடுகின்றோம்.

இதனைத் தெளிவாக்க நம் மாவட்டங்களிலேயே ஒரு சான்று உண்டு. டாக்டர் உ. வே. சாமிநாதையரின் இளமைக் கல்வி பெரும்பாலும் இப்பகுதியில் நிகழ்ந்தது. அரியலூரில் சடகோபையங்காரிடமும், செங்கணத்தில் விருத்தாசல ரெட்டியாரிடமும் அவர் பாடங்கேட்ட செய்தியை அவருடைய தன்வரலாறு விரித்துரைக்கின்றது. யாப்பருங்கலக் காரிகையை அவருக்குக் கற்பித்தவர் செங்கணத்து ரெட்டியாரே. 1871-இல் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் செல்லுமுன் அவர் பெற்ற தமிழ், ஆசிரியர் வாய்மொழியாகவும் ஏட்டுச் சுவடியாகவும் பெற்றதே. அன்றைய அச்சுநூற் பட்டியலை மட்டும் எண்ணி ஒருவர் தமிழை அளந்திருப்பின், சங்க நூல்கள் பலவும் அவ்வளவையில் இடம்பெற்றிரா. சீவகசிந்தாமணிப் பதிப்பு வெளிவந்தது 1887-இல், புறநானூறு 1894-இல். இடைப்பட்ட ஆண்டுகளில் தமிழின் வளம் பெருகவில்லை. இருந்ததைக் கண்டெடுத்து அச்சேற்றினர். அச்சேறாத வளம் கிராமத்துத் திண்ணையில் இருந்தது என்பதே அவ்வரலாறு காட்டுவது.

அடுத்துப் பண்பாடு என்னும் சொல். இத்துறை ஆய்வுரைகள் தொண்ணூற்றுக்கு மேற்பட்டவற்றை ஒருங்கு நோக்கிய தொகுப்பாய்வு ஒன்று 2024-இல் வெளிவந்தது. அவற்றுள் ஒன்றேனும் பண்பாடு என்பதற்கு வெளிப்படையான வரையறை தரவில்லை என அது குறித்துள்ளது. இலக்கணம் கூறாது இலக்கியம் தேடியவாறு! வரையறை இல்லாத இடத்தில் அளவுகோலே வரையறையாகிவிடும். அவ்வாறே நிகழ்ந்துள்ளது. அதே ஆண்டில் பிஎன்ஏஎஸ் நெக்சஸ் என்னும் ஆய்விதழில் வந்த கட்டுரை ஒன்று, மொழிமாதிரிகளின் விடைகளை உலக மதிப்பீட்டுக் கருத்தாய்வுகளின் விடைகளோடு ஒப்பிட்டது. அவ்விடைகள் ஆங்கிலம் பேசும் நாடுகள், ஐரோப்பியப் புரொட்டஸ்டன்டு நாடுகள் ஆகியவற்றின் மனப்பாங்கை ஒத்துள்ளன என்று அது கண்டது. இன்ன நாட்டவர் போல விடை கூறுக என்று பொறிக்குப் பணித்தால், பிற்கால மாதிரிகளில் நூற்றுக்கு 71 முதல் 81 நாடுகள் வரை இயைபு மிகுகின்றது என்றும் கூறிற்று. குறையை எண்ணால் நிறுவிய வகையில் இக்கட்டுரை பாராட்டத்தக்கது. ஆயினும் அதன் அலகு நாடு. இந்தியா முழுவதும் அவ்வரைபடத்தில் ஒரு புள்ளி. காசுமீரமும் கன்னியாகுமரியும் கூடிய அப்புள்ளியின் சராசரியாய் எந்த ஊரிலும் ஒருவர் வாழ்ந்திலர்.

இக்குறையை உணர்ந்து அலகைச் சுருக்கிய ஆய்வு ‘தோசா’ எனப்படும் தொகுதி. இந்தியாவின் 19 நிலப்பகுதிகளைச் சேர்ந்த 260 பேரை ஒரு விளையாட்டு முறையில் ஈடுபடுத்தி, அவரவர் பகுதியார் நன்கறிந்த 615 பண்பாட்டுப் பொருள்களை அது திரட்டியது. மக்களையே கேட்டுத் திரட்டியது என்பதில் இஃது ஒரு முன்னேற்றம். அங்கும் தமிழ்நாடு ஓர் அலகே. மாநிலம் முழுவதற்கும் பொதுவாய் எல்லாரும் அறிந்த பொருள் என்று கேட்டால், விடையாக வருவது எல்லாரும் அறிந்ததாகவே இருக்கும். கோலமும் பொங்கலும் வரும். வெங்காயப் பட்டறை வாராது. எல்லாரும் அறிந்ததைப் பொறியும் பெரும்பாலும் அறிந்தே இருக்கும். அதற்குத் தெரியாதது எதுவோ அதனைக் கேட்கும் வினாவை இம்முறை எழுப்பவில்லை என்பதே எம் தடை.

இனி வழக்கிற்கு வருவோம்.

கொல்லை என்னும் சொல்லை எடுத்துக்கொள்க. கொள்ளிடத்தின் தென்கரையில், தஞ்சை நாட்டு ஊர்களில், கொல்லை என்பது வீட்டின் பின்புறத்து வெளி. கிணறும் வாழையும் அங்கே இருக்கும். வடகரையில் செந்துறை, ஆண்டிமடம், செயங்கொண்டம் பகுதிகளில் கொல்லை என்பது ஊர்ப்புறத்துப் புன்செய். முந்திரிக்கொல்லை, கடலைக்கொல்லை என்னும் தொடர்கள் அங்கு நாள்தோறும் வழங்குவன. முந்திரிக்கொல்லை வீட்டின் பின்புறத்தில் அடங்குவதன்று. வெள்ளாற்றுக்கு அப்பாலும் இப்பொருளே தொடர்கின்றது; விருத்தாசலம் பக்கத்து மணக்கொல்லை என்னும் ஊர்ப்பெயரும் இதனை நினைவூட்டும். அவ்வூரினராகிய கண்மணி குணசேகரன் தொகுத்த நடுநாட்டுச் சொல்லகராதி இவ்வழக்குகளை ஆராய்வார்க்கு இன்றியமையாத கருவி. சங்க இலக்கியத்துள்ளும் கொல்லை என்பது முல்லைநிலத்துப் புன்செயைக் குறிக்கும். ஆகவே அரியலூர் உழவர் நாவில் நிற்பது பழம்பொருள்; பொதுத்தமிழில் இன்று முந்தி நிற்பது பிற்பொருள். மூன்றாவதாக, ‘கொல்லைக்குப் போதல்’ என்பது பல இடங்களில் இடக்கரடக்கலாக வழங்குகின்றது. செந்துறையில் ஒருவர், தம் தந்தையார் காலையில் கொல்லைக்குப் போனவர் மாலைவரை திரும்பவில்லை என்று கூறினால், கேட்பார் உழவு வேலை மிகுதிபோலும் என்று எண்ணுவர். பிறவிடத்தில் இதனைக் கேட்டவர் மருத்துவரை அழைக்கக்கூடும். நகைப்பிற்கு இடமான இவ்வெடுத்துக்காட்டை வேண்டுமென்றே கூறினோம். உடல்நலம் பற்றிப் பொறியை வினவும் காலம் வந்துவிட்டமையின் இது நகையோடு முடிவதன்று.

காடு என்னும் சொல்லும் இத்தகையதே. பெரம்பலூர்ப் புறத்தில் பருத்திக்காடு, சோளக்காடு என வழங்கும் காடு, மரமடர்ந்த வனமன்று. உழுது விதைக்கும் மானாவாரி நிலம். காட்டில் பன்றி புகுந்து அழித்துவிட்டது என்று ஓர் உழவர் முறையிடும்போது, வனத்தில் பன்றி இருத்தல் இயல்பே என்று விடை வருமாயின் அவருடைய இழப்பு இழப்பாகவே தோன்றாது போம்.

பட்டறை என்பது எம்மை மிகவும் ஈர்த்த சொல். பெரம்பலூர் மாவட்டம் சின்ன வெங்காயத்திற்குப் பெயர்பெற்றது. அறுவடைக் காலத்தில் விலை வீழும். ஆதலின் உழவர் வெங்காயத்தைத் தாளோடு உலர்த்திப் பட்டறை போட்டு வைத்து, விலை ஏறும்போது விற்பர். அடுத்த நடவுக்கு விதைக்காயும் அதனின்றே எடுப்பர். தரையினின்று உயர்த்திய அடித்தளத்தின்மேல் கழிகளைப் பரப்பி, காற்றுப் புகும்படி பக்கங்களை மூங்கிற் படலாலோ கம்பி வலையாலோ அடைத்து, மேலே கீற்று வேய்ந்த நீண்ட அமைப்பே பட்டறை. கீழிருந்தும் பக்கத்திலிருந்தும் காற்று ஊடுருவுவதே அதன் நுட்பம். காற்றுத் தடைப்பட்டால் காய் அழுகும். பொதுத்தமிழ் எழுத்தில் பட்டறை என்பது கொல்லர், தச்சர் தொழிற்களம். அண்மைக்காலத்தில் பயிற்சி வகுப்புக்கும் பயிற்சிப் பட்டறை என்று பெயரிட்டு இணையத்தை நிரப்பிவிட்டோம். (இந்நிரப்பலில் நம் துறைகளின் பங்கே மிகுதி; கருத்தரங்க அழைப்பிதழ்களை நோக்குக.) ‘பட்டறையில் சூடு ஏறிவிட்டது, என்ன செய்வது’ என்று ஓர் உழவர் கைப்பேசியில் வினவுவதாகக் கொள்வோம். எண்ணிக்கைவழி நிற்கும் பொறி உலைக்களத்தை நோக்கிச் செல்வதற்கே ஏதுக்கள் மிகுதி. வினா உயர்தமிழில் இல்லை என்பதன்று குறை. வினவியவர் பிழையாகவும் பேசவில்லை. அவ்வூர்த் தமிழில் அவர் திருத்தமாகவே பேசினார்.

ஈண்டு நம் இலக்கண மரபையும் சிறிது திறனாய வேண்டும். தொல்காப்பியர் செய்யுட்குரிய சொற்களை இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என நான்காக வகுத்தபோது திசைச்சொல்லுக்கு உரிய இடம் தந்தார். உரையாசிரியர்கள் அதற்குக் காட்டிய எடுத்துக்காட்டுகளோ பெரும்பாலும் ஒரு பொருளுக்கு வேறு வேறு பெயர் வழங்குவன. நாயைப் பூழிநாட்டார் ஞமலி என்பர் என்றாற்போல்வன. பொருள் ஒன்று, பெயர் பல. இவ்வகையைப் பொறி கற்பது எளிது. ஒரு பட்டியல் போதும். பெரம்பலூர், அரியலூர் வழக்கில் யாம் கண்ட இடர் மறுதலையானது. பெயர் ஒன்று, பொருள் இடந்தோறும் வேறு. அரிய சொல் கண்டால் அறியாமை வெளிப்படும். கற்றவரும் பொறியும் நின்று வினவுவர். பழகிய சொல்லோ ஐயமின்றித் தவறாக உணரப்படும். புதிய ஆய்வாளரும் வட்டாரச் சொற்பட்டியல் தேடுங்கால் அரிய சொற்களையே நாடுகின்றனர். பழகிய சொல்லின் அரிய பொருளைத் தேடுவார் சிலரே. சென்னைப் பல்கலைக்கழகத்துத் தமிழ்ப் பேரகராதி (1924–1936) வட்டார வழக்கு என்பதற்குக் குறியீடு இட்டுச் சென்றது. சிறிய குறியே எனினும் அது பெரிய கவனம். மொழிமாதிரிக்கு ஊட்டும் உரைத்தொகுதிகளில் இவ்வூரார் கூற்று என்னும் குறி பெரும்பாலும் இல்லை.

சொல்லளவில் நில்லாத வேறுபாடுகளும் உள. பெரம்பலூரை அடுத்த சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயிலில், சில சிறப்பு நாள்கள் நீங்கலாக, திங்களும் வெள்ளியுமே நடை திறக்கும். தமிழ்நாட்டுக் கோயில்கள் நாள்தோறும் காலையும் மாலையும் திறந்திருக்கும் என்பது பல்லாயிரம் பக்கங்களில் எழுதப்பட்ட பொதுமை. பொதுமை பெரிது, எனினும் புதன்கிழமை அங்குச் சென்றவர் பூட்டிய கதவையே காண்பர்.

தமிழுக்கெனவே அமைத்த மாதிரிகளுள் 2023-இல் வெளிவந்த தமிழ்-லாமாவை எடுத்து நோக்குவோம். அதன் ஆசிரியர் தம் ஆக்கத்தை யாவரும் எடுத்தாளுமாறு வெளியிட்டார். எடுத்தாண்டு குறைகூறும் வாய்ப்பும் அதனால் நமக்குக் கிடைத்தது. முதற்கண் அதன் சிறப்பு. ஆங்கிலத்தை முதன்மையாகக் கொண்டு அமைந்த லாமா 2-இன் சொற்றுணுக்குப் பட்டியல் 32,000 உறுப்புடையது. தமிழுக்கு அதில் இடம் மிகச் சிறிது. யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட்டுகள் கொள்ளும். நம் கணக்கில் மூன்றெழுத்தாகிய கொல்லை, கணினியில் ஆறு குறியாய்ப் பதினெட்டுப் பைட்டுகளாக விரியும். உரிய துணுக்கு இல்லாதபோது சொல் சிறுசிறு துண்டாய்ச் சிதறும். ஒரே கருத்தை உரைக்கத் தமிழுக்கு மிகுந்த காலமும் பொருளும் செலவாகும். தமிழ்-லாமா 16,000 தமிழ்த் துணுக்குகளைச் சேர்த்து இக்குறையைப் பெரிதும் களைந்தது. எழுத்ததிகாரப் பணி என்று இதனைக் கூறலாம்.

பொருளதிகாரம் வேறு. விடை கூறும் முறையைக் கற்பிக்க அது பயன்படுத்திய எடுத்துக்காட்டுகள் அல்பாக்கா என்னும் ஆங்கிலத் தொகுதியின் மொழிபெயர்ப்பும், வேறோர் ஆங்கிலத் தொகுதியின் ஒரு பகுதி மொழிபெயர்ப்பும் ஆகும். அல்பாக்காவின் குடிவழியை ஆராய்வோம். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார் 2023-இல் வெளியிட்ட அத்தொகுதியில் 52,000 வினாவிடைகள் உள. அவற்றை எழுதியது வேறொரு மொழிமாதிரி. அம்மாதிரிக்கு வித்தாகத் தரப்பெற்றவை மக்கள் எழுதிய 175 பணிக்குறிப்புகள். 175 வித்தினின்று 52,000. அவற்றின் மொழிபெயர்ப்பே தமிழ் மாணாக்கனுக்குப் பாடம்.

சுவடிப் பதிப்பில் பழகியவர்க்கு இந்நிலை புதிதன்று. ஒரு நூலுக்கு நூறு ஏடுகள் கிடைத்து, அவற்றுள் தொண்ணூறு ஒரே தாயேட்டைப் பார்த்து எழுதிய படிகள் எனத் தெரிந்தால், பதிப்பாசிரியர் அத்தொண்ணூற்றையும் ஒரு சான்றாகவே கொள்வர். எஞ்சியவற்றுள் தனிவழி வந்த ஒற்றை ஏடு, சிதைந்ததாயினும், அத்தொண்ணூற்றோடு ஒப்பநின்று வழக்குரைக்கும். எண்ணிக்கையை நோக்காது வழியை நோக்குவது அந்நெறி. ஏலாத பாடத்தையும் அடிக்குறிப்பில் பாடபேதமாகக் காட்டுவது அதன் நேர்மை. இந்நெறியை ஈண்டுப் பொருத்தினால் 52,000 என்பது ஒரு குடும்பத்துப் படிகள். தமிழ் வாழ்க்கைக்குச் சான்றாக அவற்றின் எடை மிகச் சிறிது. தமிழ்-லாமாவின் மேல் மட்டும் இக்குறையைச் சுமத்துதல் முறையன்று. இந்திய மொழிகளுக்கெனச் செய்த பயிற்சித் தொகுதிகள் பலவும் மொழிபெயர்ப்பையே சார்ந்தவை. செலவும் காலமும் காரணம் என்பதை யாம் அறிவோம். ஆனால் எளிதிற் கிடைத்தது என்பதனால் ஒரு சான்று வலியுடையது ஆகிவிடாது.

மொழிபெயர்ப்பைத் தவிர்த்துத் தாய்மொழியாளர் கையால் எழுதுவித்த முயற்சிகளும் இல்லாமல் இல்லை. 2024-இல் வெளிவந்த ஆயா தொகுதி தமிழ் உட்பட 65 மொழிகளில் அவ்வாறு திரட்டியது. ஏஐ4பாரத்தின் இண்டிக்வாய்ஸஸ் அதே ஆண்டில் 145 மாவட்டங்களில் 22 மொழிகளில் 16,237 பேரின் பேச்சை, 7,348 மணிநேரம் பதிந்தது. எம் நோக்கில் இப்பிந்தியதே இத்துறையின் தலைசிறந்த படி. மாவட்டம் என்னும் அலகு அங்குத் தோன்றிவிட்டது. எழுத்தையன்றிப் பேச்சைச் சான்றாகக் கொண்டதும் அதன் தெளிவு. ஒலியைப் பதிந்தவர் பொருளையும் பதிய வேண்டும் என்பதே இனி வேண்டப்படுவது. கொல்லை என்று அரியலூரார் ஒலிக்கும் முறையைப் பொறி கற்றுக்கொண்டு, தஞ்சாவூர்ப் பொருளை அதற்கு ஏற்றுமாயின், செவி திருந்தியும் கருத்துத் திருந்தவில்லை.

தேர்வு வினாக்களால் பொறியை அளக்கும் முறையும் உண்டு. 2024-இல் ஏஐ4பாரத்தின் மிலு என்னும் அளவுகோல், தமிழ் உட்பட 11 மொழிகளில், நாட்டளவிலும் மாநில அளவிலும் நடைபெறும் தேர்வுகளின் வினாக்களைக் கொண்டு அமைந்தது. கங்கைகொண்ட சோழபுரத்தை எழுப்பிய அரசன் யார் என்பது தேர்வறைக்கு உரிய அறிவு. அக்கோயிலைச் சுற்றி வாழும் மக்கள் தம் நிலத்தை எப்பெயரால் அழைக்கின்றனர் என்பது தேர்வில் வாராதது. இரண்டும் பண்பாடே. முன்னதை மட்டும் அளந்துவிட்டுப் பண்பாட்டறிவு இத்துணை விழுக்காடு என்று எழுதுதல் பொருந்தாது.

எம் கருத்துக்கு ஒரு மறுப்பு எழலாம். வட்டார வழக்குகளையெல்லாம் பொறிக்கு ஊட்டினால் தமிழ் சிதறாதா? பொதுத்தமிழைப் பரப்பும் கருவியாக அன்றோ இதனைக் கொள்ள வேண்டும் என்பர். இம்மறுப்பில் ஓர் உண்மை உண்டு. எழுதும் தமிழ் எல்லார்க்கும் பொதுவாய் இருத்தல் வேண்டும், பொறி விடை கூறும் தமிழும் அத்தகையதாய் இருக்கலாம். யாம் வேண்டுவது பொறி அரியலூர்த் தமிழில் பேசவேண்டும் என்பதன்று. வெளியார் ஒருவர் நம் ஊர்ப்பேச்சைப் போலிசெய்து பேசினால் அது நயமாகவும் இராது. அரியலூரார் கூறுவது அதற்கு விளங்கவேண்டும்; விளங்காதவிடத்து எவ்வூர் என்று வினவவேண்டும். பேசுதலும் கேட்டுணர்தலும் வேறு. இவ்விரண்டையும் ஒன்றாகக் கொண்டமையே பண்பாட்டியைபு பற்றிய உரையாடலில் மயக்கத்திற்குக் காரணமாயிற்று.

இவ்வேறுபாட்டை நன்குணர்ந்த ஒருவர் முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னர் இவ்வட்டாரத்திலேயே வாழ்ந்தார். இன்றைய அரியலூர் மாவட்டத்தில், கொள்ளிடத்துக்கு வடக்கே, திருமானூருக்கு அணித்தாயுள்ள ஏலாக்குறிச்சியைத் திருக்காவலூர் என்று பெயரிட்டு வாழ்ந்த வீரமாமுனிவரே அவர். இத்தாலியினின்று வந்த அவர் தமிழைச் செந்தமிழ், கொடுந்தமிழ் என இரண்டாகக் கண்டு, இரண்டிற்கும் தனித்தனி இலக்கணம் இலத்தீனில் வரைந்தார். கொடுந்தமிழ் இலக்கணம் 1738-இல் தரங்கம்பாடியில் அச்சாயிற்று. தமக்குப்பின் வரும் அயல்நாட்டார் மக்கள் பேசுவதைக் கேட்டு உணரவேண்டும் என்பதே அந்நூலின் பயன். சதுரகராதியைத் (1732) தொகுத்த அதே கை, சந்தையில் வழங்கும் பேச்சுக்கும் இலக்கணம் எழுதத் தயங்கவில்லை. அயலிலிருந்து வந்து தமிழ் கற்கும் மாணாக்கன் என்னும் வகையில் மொழிமாதிரியின் நிலையும் அதுவே. முனிவர்க்கு இருந்து பொறிக்கு இல்லாதது ஒன்று: அவர் ஊரில் இருந்தார். தவறாக உணர்ந்தபோது திருத்துவார் அருகில் இருந்தனர்.

குறை பொறியியலார் மேல் மட்டும் இல்லை. வட்டார வழக்குப் பற்றி நம் பல்கலைக்கழகங்களில் பட்டத்திற்கென எழுதப்பெற்ற ஆய்வேடுகள் நூலக அடுக்குகளில் உறங்குகின்றன. பலவும் தட்டச்சுப் படிகள், கணினிக்கு எட்டாதவை. களப்பணிக் குறிப்பேடுகளோ பட்டம் பெற்றபின் பழைய தாள்காரர் கைக்குச் சென்றிருக்கும். வளம் குன்றிய மொழி என்று பிறர் எழுதும்போது நாம் வருந்துகின்றோம். அக்குறைவில் ஒரு பங்கு நாம் பூட்டிவைத்தது. ஒவ்வொரு சொல்லோடும் அது கேட்ட ஊர், கூறியவரின் தொழில், அகவை, ஆண்டு ஆகியவற்றைக் குறித்து, கூறியவர் இசைவு பெற்று, அச்சொல் அங்குத் தரும் பொருளை ஒரு முழுத்தொடரில் வைத்து எழுதிய பதிவே இன்று வேண்டுவது. அத்தகைய பதிவு ஐந்நூறு இருப்பின், அவை மொழிபெயர்த்த ஐம்பதினாயிரத்தினும் எடை மிக்கவை. தம் வழக்கைத் தந்த உழவர்க்கு அதற்கான ஊதியமும் பெயரும் உண்டா என்பதனைத் திரட்டத் தொடங்குமுன்னரே முடிவு செய்தல் வேண்டும். பின்னர் எண்ணுவோம் என்பது நடவாதது.

பணியை எங்கேனும் தொடங்கவேண்டுமாயின், திருமானூரில் கொள்ளிடத்தின் இருகரைகளிலும் தொடங்கலாம் என்பது எம் கருத்து. கொல்லையின் பொருள் ஆற்றோடு மாறுகின்றதா, தென்கரையில் சில ஊர்களிலும் புன்செய்ப்பொருள் நிற்கின்றதா, வடகரையில் எத்துணைத் தொலைவு வரை தஞ்சைப் பொருள் ஏறியுள்ளது, பெண்டிர் வழக்கும் ஆடவர் வழக்கும் ஒத்துள்ளனவா என்பவற்றை ஊர் ஊராய் வினவி, ஒரு நிலப்படத்தில் குறிக்க வேண்டும். ஒரு சொல்லுக்கு ஒரு படம். அடுத்துப் பட்டறைக்கு வெள்ளாற்றங்கரை வரை செல்லலாம்.